சம்மனசுகளைச் சுட்டது யார்? பிளைத்பரோ பங்குக் கோயிலைப் பற்றி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியின் இப்ஸ்விச் நகரிலிருந்து வடக்கே லோஸ்டாஃப்டுக்குச் செல்லும் ஏ12 நெடுஞ்சாலையில் வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் போய்வந்தேன். பாதி வழிக்குமேல் கடந்த பிறகு பிளைத் ஆற்றின் கழிமுகம் கண்ணில் படும். கடல்நீர் ஏறியிருக்கும் நேரத்தில் அது பெரிய ஏரி போலவும், வற்றிய நேரத்தில் சாம்பல் நிறச் சேற்றுவெளியாகவும் தெரியும். அந்தச் சேற்றுக்கும் நாணலுக்கும் மேலே, சிறு மேடொன்றில், சுற்றியுள்ள வீடுகளுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் ஒரு கோயில் நிற்கிறது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால், பல வாரங்கள் விளக்கொளியில் வெளுத்துத் தெரியும் அதன் தென்சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டு காரை ஓட்டியிருக்கிறேன். சதுப்பு நிலத்தின் பேராலயம் என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பேராலயம் என்பது ஆயரின் இருக்கை உள்ள கோயிலுக்கு உரிய பெயர்; இதற்கு அந்தத் தகுதி ஒருபோதும் இருந்ததில்லை. சில நூறு பேர் மட்டுமே வாழும் பிளைத்பரோ என்னும் சிற்றூரின் பங்குக் கோயில் இது. தூய திரித்துவ ஆலயம் என்பது பெயர்.

ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை முதல்முறையாக வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். அதன்பின் எத்தனை முறை போனேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஏன் திரும்பத் திரும்பப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். சற்று யோசித்த பிறகே எனக்கும் விடை கிடைத்தது. இந்தக் கோயிலில் காயமில்லாத பொருள் ஏதுமில்லை. கதவில் கருகல், கூரையில் துளை, திருமுழுக்குத் தொட்டியில் செதுக்கி எறியப்பட்ட வெறும் பரப்பு, மேசையில் கத்திக் கீறல் என்று எங்கு பார்த்தாலும் ஒரு வடு. ஒவ்வொரு வடுவுக்கும் ஊரார் சொல்லும் கதை ஒன்று. பொறுமையாகப் பார்த்தால் கிடைக்கும் காரணம் வேறொன்று. அந்த இரண்டாவது காரணங்களே என்னை ஈர்த்தன.

முதலில் கட்டடம். மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்ற எல்லாமே 15ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பப்பட்டவை. பங்குக் கோயில் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் அச்சொல்லுக்குள் ஒரு பாகப்பிரிவினையே அடங்கியிருந்தது. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தையும் பக்கக்கூடங்களையும் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் ஊர்மக்களின் கடமை. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியோ, ஊரின் விளைச்சலில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, பெறும் உரிமை யாருக்கு இருந்ததோ அவருடைய பொறுப்பு. பிளைத்பரோவில் அந்த உரிமை ஊருக்குள்ளேயே இருந்த அகுஸ்தீனியத் துறவியரின் சிறு மடத்திடம் இருந்தது. 1412ஆம் ஆண்டில் கோயிலின் பீடப்பகுதியைத் திரும்பக் கட்ட அந்த மடம் அரசரிடமிருந்து அனுமதி பெற்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஊர்மக்கள் தங்கள் பங்கைத் தொடர்ந்தார்கள். சாகும் தறுவாயில் எழுதிய உயில்களில் கோயில் வேலைக்கென்று சிறுசிறு தொகைகளை ஒதுக்கிவைப்பது அன்றைய சஃபோக்கில் பரவலான வழக்கம். கம்பளித் துணி, மீன், கப்பல் வணிகம் என்று பணம் புழங்கிய காலம் அது. பிளைத்பரோ வரைக்கும் அன்று கப்பல்கள் வந்தன.

பொதுவாக இத்தகைய கோயில்களில் மக்களின் பகுதிக்கும் பீடத்தின் பகுதிக்கும் நடுவே பெரிய கல்வளைவு ஒன்று நிற்கும். இரு தரப்பாரின் செலவு எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் எல்லைக்கோடும் அதுவே. இங்கே அந்த வளைவு இல்லை. மேற்கே கோபுரச் சுவரில் தொடங்கும் கூரை, கிழக்குச் சன்னல் வரை தடையின்றி ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அதன் அடியில், பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலாக எழும் சுவரில், பக்கத்துக்குப் பதினெட்டாக முப்பத்தாறு சன்னல்கள் வரிசையாக நிற்கின்றன. ஊரும் மடமும் கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, கட்டடத்தை ஒன்றாகவே கண்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கைகளால் கட்டப்பட்ட எதுவும் இத்தனை இசைவாக அமைவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சஃபோக்கை உள்ளடக்கிய கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தில் நல்ல கட்டடக்கல் கிடையாது. சுண்ணப்பாறைக்குள் உருண்டைகளாகப் புதைந்து கிடக்கும் சக்கிமுக்கிக்கல் மட்டும் ஏராளம். அதைத் தட்டி உடைத்தால் உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான, கருநீலம் கலந்த கரும்பரப்பு வெளிப்படும். தொலைவிலிருந்து நீர்வழியாகக் கொண்டுவந்த வெளிர் சுண்ணாம்புக்கல்லில் பூவேலை, எழுத்து, வளைவு என்று வெட்டி, அந்த வெட்டுக்குள் உடைத்த சக்கிமுக்கிக்கல்லைச் சாந்தில் பதித்து, இரண்டும் ஒரே தளமாக வருமாறு இழைத்துவிடுவார்கள். விலை உயர்ந்த கல்லைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய தேவை இந்த மண்ணுக்கு ஒரு கலையைக் கொடுத்துவிட்டது. கிழக்குச் சன்னலுக்குக் கீழே இவ்வாறு பதிக்கப்பட்ட, முடி சூடிய எழுத்துகளின் வரிசை ஒன்று இருக்கிறது. இயேசு, திரித்துவம், மரியாள், அன்னம்மாள், கத்தரீனம்மாள் ஆகியோரின் பெயரால் கோயில் திரும்பக் கட்டப்பட்டது என்னும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை என்று படிக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த வேளையில் அந்தச் சக்கிமுக்கிக்கல் பரப்பு ஈரத்தில் மின்னும். என்னிடம் இருக்கும் ஒரே நல்ல புகைப்படம் அப்போது எடுத்தது.

உள்ளே நுழைந்ததும் எவருக்கும் தலை தானாக மேலே உயரும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வானதூதர் என்று சொல்லமாட்டார்கள். சம்மனசு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் ஏதோ வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஆளைக் குறிப்பதுபோல் ஒலிப்பதால், இந்தக் கூரையில் இருப்பவர்களையும் நான் அப்படியே அழைக்கிறேன். சரிவு குறைந்த மரக்கூரை. அதைக் குறுக்கே தாங்கும் தடித்த உத்தரங்கள். உத்தரத்தின் நடுவில் இரண்டு சம்மனசுகள் முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று கிழக்கையும் மற்றொன்று மேற்கையும் பார்த்தபடி, இறக்கைகளை அகல விரித்துக் கிடக்கின்றன. கைகளில் கேடயங்கள். சிலவற்றுக்கு இறக்கை முறிந்துவிட்டது, சிலவற்றுக்கு முகம் தேய்ந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை ஒரு டஜன். கைமரங்களில் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் வரைந்த பூக்களும் இயேசுவின் பெயர்க்குறியும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் மறுபூச்சுப் பூசாத வண்ணம் அது.

மரக்கூரையில் இறக்கை விரித்த சம்மனசுகளைச் செதுக்கும் வழக்கத்துக்கு முன்னோடியாக அமைந்தது, 1390-களில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்காக ஹியூ ஹெர்லண்ட் என்னும் தலைமைத் தச்சர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அமைத்த கூரை. அடுத்த நூறாண்டில் அந்த வழக்கம் கிழக்கு ஆங்கிலியாவின் ஊர்க்கோயில்களில் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பரவியது. வெஸ்ட்மின்ஸ்டரில் அது அரச மாட்சி. இங்கே, மீனும் கம்பளியும் விற்றவர்கள் தங்கள் தலைக்கு மேலே வானத்தை வாங்கிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சம்மனசுகளின் உடலில் ஈய ரவைகள் பாய்ந்த துளைகள் உண்டு. அதைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கதை வில்லியம் டவ்ஸிங் என்பவரைப் பற்றியது. சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டில் பிறந்த அவர் தூய்மைவாதி, கோயில்களில் உருவங்கள் கூடாது என்ற பியூரிட்டன் கிறிஸ்தவர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1643 டிசம்பரில், கோயில்களில் உள்ள உருவங்களை அகற்றும் பணிக்காக, நாடாளுமன்றப் படைத்தளபதியான மான்செஸ்டர் பிரபுவால் நியமிக்கப்பட்டு, கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் ஊர் ஊராகச் சென்றவர். போன இடத்தையெல்லாம், உடைத்ததையெல்லாம் நாட்குறிப்பில் எண்ணி எழுதியவர். 1644 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பிளைத்பரோவுக்கு வந்தார். உருவங்களை எண்ணினார், இறந்தோரின் ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் கல்வெட்டுகள் மூன்றை உடைத்தார், கெருபீம் என்று அவர் குறித்த சம்மனசு உருவங்கள் இருபதை இறக்கவும், இன்னும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் அகற்றவும் ஆணையிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இவ்வளவு வெளிப்படையான குற்றவாளி இருக்கும்போது, கூரைக்கு எட்டாத ஆத்திரத்தில் அவருடைய ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று ஊர் நம்பியதில் வியப்பில்லை.

1970-களில் கூரையைச் செப்பனிட்டபோது மரத்துக்குள்ளிருந்து எடுத்த ரவைகள் வேறொன்றைச் சொல்லின. பறவைகளைச் சுடப் பயன்படும் சிறிய ஈய ரவைகள் அவை, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த நூற்றாண்டின் கோயில் கணக்குப் புத்தகத்திலும் வெடிமருந்துக்கும் ரவைக்கும் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. காரணம் ஜாக்டா எனப்படும் சாம்பல் கழுத்துச் சிறு காகம். உடைந்த சன்னல்கள் வழியாக உள்ளே வந்து கூரையில் கூடுகட்டிய அந்தப் பறவைகளை விரட்ட, கோயிலைக் காக்க வேண்டியவர்களே கோயிலுக்குள் நின்று சுட்டிருக்கிறார்கள். சம்மனசுகளின் மேல் பட்டது அவர்களுக்குப் பொருட்டாகவே தெரியவில்லை.

கோயிலில் பணிசெய்யும் முதிய தன்னார்வலர் ஒருவர், என் தாயாரின் வயது இருக்கும், இதைச் சொன்னபோது என்னால் உடனே ஏற்க முடியவில்லை. கையில் துப்பாக்கியுடன் வந்த மதவெறியரின் கதையே எனக்கு வசதியாக இருந்தது. வெறுப்பு உடைத்ததைவிட அசட்டை உடைத்தது அதிகம் என்பதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் கூரை அப்படித்தான் சாட்சி சொல்கிறது. டவ்ஸிங்கின் ஆணை இந்தச் சம்மனசுகளை எட்டவில்லை. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட ஊரார் பணம் செலவழிக்க வேண்டும், அவர்கள் செலவழிக்கவில்லை என்பதே நான் காணும் விளக்கம். காகத்தைச் சுட்டவர்களிடம் தீய எண்ணம் இல்லை, மேலே பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டிருந்தது.

வடக்குக் கதவின் கருகலுக்கும் இதேபோல் இரண்டு வரலாறுகள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமைக் காலை வழிபாட்டின்போது பெரும் புயல் அடித்தது. இடி விழுந்து, கோபுரத்தின் மேலிருந்த கூர்முடி கூரையைப் பிளந்துகொண்டு கோயிலுக்குள் சரிந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். அதே நாளில் சில மைல் தொலைவிலுள்ள பங்கே ஊரிலும் கோயிலுக்குள் இருவர் இறந்தனர். அதன்பின் லண்டனில் வெளியான ஒரு துண்டுநூல், தீயின் நடுவே கரிய நாய் உருவில் சாத்தான் வந்து போனதாகச் சொன்னது. பிளாக் ஷக் என்று கிழக்கு ஆங்கிலியா முழுவதும் அறிந்த அந்தப் பேய்நாய் வெளியேறும்போது கதவைப் பிறாண்டியதால் வந்த நகக்கீறல்களே இவை என்பது ஊர் வழக்கு. 1933ஆம் ஆண்டில் கதவைச் சுத்தம் செய்தபோது அந்தக் கரிய தடங்கள் மீண்டும் வெளியே தெரிந்தன.

நான் அந்தத் தடங்களை நெருங்கிப் பார்த்தேன். நகக்கீறல் என்றால் நீண்டு இழுபட்டிருக்க வேண்டும். இவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் விரல் நீளத்தில், நடுவே அகன்று, மேல்நோக்கிக் கூர்ந்து, எரியும் மெழுகுத்திரியின் சுடர் வடிவில் இருக்கின்றன. இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் களஞ்சியங்களிலும் கதவுச் சட்டங்களிலும் இப்படிப்பட்ட சூட்டுத்தடங்கள் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. தீயும் இடியும் அண்டாமல் இருக்க, எரியும் திரியை மரத்தில் வேண்டுமென்றே வைத்து எடுத்த காப்புக்குறிகள் அவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். என் கண்ணுக்கு இந்தக் கதவில் தெரிவதும் அதுவே. வாசலில் திருஷ்டிக்கு ஏதேனும் கட்டிவைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை. பயந்துபோன மனிதர் ஒருவர் திரியைப் பிடித்துக்கொண்டு, மரம் கருகும்வரை, பற்றி எரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, இந்தக் கதவின் முன் பொறுமையாக நின்றிருக்கிறார். அந்த மனிதரைப் பற்றி எந்தத் துண்டுநூலும் அச்சிடப்படவில்லை.

இனி இருக்கைகள். நான் அதிக நேரம் செலவிடுவது அங்கேதான். 15ஆம் நூற்றாண்டின் ஓக் மர இருக்கை வரிசைகளின் முனைகளில், ஒவ்வொன்றின் உச்சியிலும் முழங்கை உயரத்தில் ஒரு சிறு உருவம் அமர்ந்திருக்கிறது. சில உருவங்கள் விதைப்பு, அறுவடை, பன்றியை அறுத்தல் என்று ஆண்டின் வேலைகளைக் காட்டுகின்றன. சில, இரக்கச் செயல்கள். மற்றவை பாவங்கள்.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. லோபித்தனம் என்றால் ஏதோ நோய் என்று நினைத்திருந்தேன். அந்த நாட்களில் யாராவது என்னை இந்த இருக்கைகளுக்கு நடுவே விட்டிருந்தால் ஒரு நாளில் எல்லாம் விளங்கியிருக்கும். லோபி தன் பணப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் யாராவது திறந்துவிடுவார்களோ என்ற கவலை அவன் அமர்ந்திருக்கும் முறையிலேயே தெரிகிறது. போசனப்பிரியன் தன் வயிற்றை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருக்கிறான். சோம்பேறி படுக்கையை விட்டு இன்னும் எழவில்லை. வாய்பாட்டுக்கு வெளியே உள்ளவர்களும் இருக்கிறார்கள். நாக்கை வெளியே நீட்டியபடி இருப்பவன் அவதூறு பேசுபவன். கைகளைக் குவித்து வேண்டிக்கொண்டிருப்பவனை முதலில் நல்லவன் என்றே நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அவன் கண்கள் திறந்திருப்பதைக் கவனித்தேன். வேண்டும்போது தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பவன் அவன், வெளிவேடம். படிக்கத் தெரியாத ஊருக்குச் செய்த பாடநூல் என்று இவற்றைச் சொல்லிவிடலாம், ஆனால் எனக்கு அது போதவில்லை. இவற்றைச் செதுக்கிய தச்சர் தன் ஊராரை உற்றுப் பார்த்திருக்கிறார். வெளிவேடக்காரனின் முகத்தில் இருக்கும் அந்த மெல்லிய பதற்றம் எந்த வேதபாடத்திலிருந்தும் வந்ததாக இருக்காது.

இந்த உருவங்களின் தலைகள் எல்லாம் வழவழப்பாக இருக்கின்றன. யாரும் வேண்டுமென்று தேய்க்கவில்லை. இருக்கைக்குள் நுழையும்போதும் எழும்போதும் ஒரு பிடிமானத்துக்காக ஊரார் கைவைத்த இடம் அது. நானும் உட்காரும்போது கை தானாக லோபியின் தலைமேல் போய் நிற்கிறது. ஓக் மரம் அங்கே கருத்து, எண்ணெய் பூசியதுபோல் மிருதுவாகி, நெற்றியும் மூக்கும் ஒன்றாகியிருக்கிறது. கன்னத்துக்குக் கீழே, கை படாத பள்ளத்தில், உளியின் தடம் இன்னும் கூராக இருக்கிறது.

சிறந்த கோயிலுக்குள் நுழைந்த எவரும் அதன் ஒளியைப் பற்றிப் பேசுவார்கள். பிளைத்பரோவின் ஒளியைப் பற்றி எல்லோருமே பேசுகிறார்கள். காலையில் போனால் வெள்ளைச் சுவர்களிலும் வெளிறிய ஓக் கூரையிலும் தரையின் பழுப்புச் செங்கல்லிலும் கடலோரத்து வெளிச்சம் நிரம்பி வழியும். நானும் பல மாதங்கள் அதைக் கட்டியவர்களின் கலை என்றே போற்றிவந்தேன். அது முழு உண்மை இல்லை. 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சன்னல்களில் வண்ணக் கண்ணாடி இருந்தது. இன்று மேல்முனைகளில் துண்டுதுண்டாக எஞ்சியிருப்பவை அதன் மிச்சம். அன்று மெழுகுத்திரிகளும் தூபப்புகையும் சுவரோவியங்களும் திருவுருவங்களும் நிறைந்து, சிவப்பும் நீலமும் கலந்த ஒரு மங்கலில் மக்கள் நின்றிருப்பார்கள். இங்கிலாந்து ரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, பின்னர் கண்ணாடியும் போயிற்று. எண்கோணத் திருமுழுக்குத் தொட்டியின் முகப்புகளில் இருந்த சிற்பங்களும் செதுக்கி எறியப்பட்டன. படியில் கொடையாளருக்காகப் பொறித்த எழுத்துகளில் சில மட்டும் மிஞ்சின. இன்று நாம் வியக்கும் இந்த ஒளி, கட்டியவர்கள் ஒருநாளும் காணாத ஒளி. அதனால் எனக்கு அதன் அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் அதன்கீழ் உட்காரும்போது எதன் இடத்தில் அது வந்து நிற்கிறது என்பதையும் நினைக்கிறேன்.

ஊரின் செல்வமும் இதே காலத்தில் வடிந்துபோயிற்று. கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது. வணிகம் கடற்கரையை நோக்கி நகர்ந்தது. 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பிறகு ஊர் பழைய நிலைக்கு வரவே இல்லை. நூறாண்டுகள் பழுதுபார்க்கப் பணமில்லாமல், உடைந்த சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூரை ஒழுகியதால் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் குடைபிடித்துக்கொண்டு வழிபாட்டில் அமர்ந்ததாகச் சொல்வார்கள். 1881ஆம் ஆண்டு, உள்ளே இருப்பது ஆபத்து என்று ஆயரே கோயிலை மூட உத்தரவிட்டார்.

அந்த வறுமைதான் இந்தக் கோயிலைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விக்டோரியா அரசியின் காலத்தில் பணமிருந்த ஊர்களெல்லாம் தங்கள் இடைக்காலக் கோயில்களைப் புதுப்பித்தன. புதுப்பித்தல் என்றால் சாந்தைச் சுரண்டி, தேய்ந்த கல்லைச் செதுக்கி மாற்றி, பழைய இருக்கைகளைத் தூக்கி எறிந்து, இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்துக் கட்டடக்கலைஞர்கள் கற்பனை செய்ததை அங்கே கட்டுவது. அதை எதிர்த்து, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பழுதுபார்க்கலாம், புதிதாக்கக் கூடாது. அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிளைத்பரோவுக்காக அந்தச் சங்கம் எழுதிய எழுத்தும் நடத்திய வாதமும் கொஞ்சமல்ல. மழைக்குள் நின்று வழிபட்ட பங்குமக்களுக்கு, லண்டனிலிருந்து வந்த அறிவுரை எரிச்சலூட்டியதிலும் நியாயம் உண்டு. ஒழுகும் கூரையின்கீழ் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பவருக்குக் கைமரத்தின் பழைய வண்ணம் முதல் கவலையாக இருக்க முடியாது. கோயில் 1884இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அவசியமான வேலைகள் நடந்திருந்தன. அதற்குமேல் செய்ய ஊரிடம் பணம் இல்லை. கைமரத்தின் வண்ணமும் லோபியின் தேய்ந்த நெற்றியும் அப்படித்தான் தப்பின.

பீடப்பகுதியில் அப்போஸ்தலர்களின் சிற்பங்கள் கொண்ட முகப்புடன் மேசைகள் இருக்கின்றன. அவை ஒருகாலத்தில் வடகிழக்கு மூலையிலுள்ள ஹாப்டன் சிற்றாலயத்தில் இருந்தன. 1478இல் இறந்த ஜான் ஹாப்டன் என்னும் நிலக்கிழாரின் குடும்பத்தோடு சேர்ந்த சிற்றாலயம் அது. பின்னாளில் அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. மேசைப் பலகைகளில் மைக்கூடு வைக்கத் துளைத்த வட்டங்களும், பிள்ளைகளின் கத்திக் கீறல்களும் நிறைய. அவற்றுள் ஒன்று மிகத் தெளிவாக, அழகான எழுத்தில், டிர்க் லோவன்சன் வான் ஸ்டாக்ஹோம் என்ற பெயரையும் 1665 என்ற ஆண்டையும் தாங்கி நிற்கிறது. இப்பகுதியின் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்க வந்த டச்சுக்காரர் ஒருவரின் மகன் என்று சொல்கிறார்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, வேற்று மொழி பேசும் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தன் முழுப்பெயரையும் தன் ஊர்ப்பெயரையும் விடாமல் செதுக்கியிருக்கிறான். என் மகனும் இந்த நாட்டுப் பள்ளியில் முதல் வருடம் தன் புத்தகங்களில் எல்லாம் தமிழில் பெயரெழுதி வைத்தான்; கேட்டபோது காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பலகையின் முன் நான் நின்ற நேரம் சற்று அதிகம்தான்.

வடித்த நிலமும் நிலைக்கவில்லை. 1920-களில் ஆற்றங்கரை அணைகள் உடைந்து, விளைநிலமாகியிருந்த சதுப்பு திரும்பவும் அலைநீருக்குப் போயிற்று. கோயில் மேட்டிலிருந்து இன்று காணும் அந்தச் சேற்றுவெளி அப்படி வந்தது. அதில் இப்போது கரையோரப் பறவைகள் கூட்டமாக இரை தேடுகின்றன.

கூடத்தில் மரத்தாலான தாடிக்காரன் ஒருவன் கவச உடையில், கையில் கோடரியுடன் நிற்கிறான். 1682 என்ற ஆண்டுடன் கூடிய அவன் ஒரு காலத்தில் கடிகாரத்தோடு சேர்ந்து மணியடித்தவன். அண்டையிலுள்ள சவுத்வோல்ட் கோயிலிலும் இவனுக்கு ஓர் இணை உண்டு. கடிகாரம் போய்விட்டது, இப்போது வழிபாடு தொடங்கும்போது யாராவது கயிற்றை இழுக்க, அவன் தலையைத் திருப்பி மணியை ஒருமுறை அடிக்கிறான். 1969 ஜூன் 7 இரவில், ஆல்ட்பரோ இசைவிழாவின் முதல் நாளிலேயே, ஸ்னேப்பில் உள்ள அதன் அரங்கம் எரிந்துபோனபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் குழுவினரோடு இங்கே வந்து மோட்சார்ட்டின் இடோமெனியோ என்னும் இசைநாடகத்தை நடத்தினார். சில நாட்களில் ஓர் இசைநாடகத்தையே ஏற்கும் அளவுக்குப் பெரிய கூடம் அந்த வட்டாரத்தில் வேறு எங்கே இருந்திருக்கும்?

சென்ற ஆண்டு நவம்பரில் போனபோது, முன்னே சொன்ன அந்த முதியவர் நடுக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உத்தரத்துக்கு நேர்கீழே ஓரிடத்தில் துடைப்பத்தை நிறுத்திக் குனிந்தார். செங்கல் தரையில் ஒரு சிட்டிகை மரத்தூள் கிடந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் ஏந்தி, சன்னலோரம் கொண்டுபோய் விரலால் பரப்பிப் பார்த்தார். வெளிர் மஞ்சளாக இருந்தால் வண்டு இப்போது மரத்தைத் துளைக்கிறது என்று பொருள். பழுப்பாக இருந்தால் எப்போதோ துளைத்தது, காற்றில் இன்று உதிர்ந்தது. வாரம் ஒருமுறை இதைப் பார்ப்பதாகச் சொன்னார். என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்பாகத்தான் இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எந்த உத்தரம் என்று எண்ணிச் சிறு நோட்டில் குறித்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். இறக்கை முறிந்த சம்மனசு ஒன்று எங்களுக்கு நேர்மேலே மேற்கைப் பார்த்தபடி இருந்தது. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த உத்தரத்தின் கீழே போனார்.